எதை அளந்தால் தொழில்முனைவுப் பாடத்தின் பலன் தெரியும்?

எங்கள் கல்லூரியில் வருகிற ஜூனில் இரண்டாம் ஆண்டு வணிகவியல் மாணவர்களுக்குத் தொழில்முனைவுப் பாடம் புதிய வடிவில் தொடங்குகிறது. இரண்டு பிரிவு, பிரிவுக்கு 60 பேர். பாடத்திட்டம் தயார், சொல்லிக்கொடுக்க ஆள் தயார். இன்னும் முடிவாகாமல் நிற்பது ஒன்றுதான்: இந்தப் பாடம் பிள்ளைகளிடம் என்ன மாற்றத்தை உண்டாக்கியது என்று எப்படி அளப்பது? வகுப்பு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. உருப்படியான முறைகள் எல்லாவற்றுக்கும் முதல் வகுப்புக்கு முன்பே செய்துவைக்க வேண்டிய வேலை இருக்கிறது. அதனால் இந்தக் கோடை விடுமுறையில் உட்கார்ந்து, முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தேன். இதே பொறுப்பில் இருக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

இதுவரை நாங்கள் செய்துவந்தது எளிமையானது. பருவக் கடைசியில் ஒரு கூகுள் படிவம். வகுப்பு பயனுள்ளதாக இருந்ததா, தொழில் தொடங்கும் எண்ணம் வந்திருக்கிறதா என்று ஐந்தாறு கேள்வி. பிள்ளைகள் மனசார ஐந்துக்கு ஐந்து போட்டுவிடுவார்கள். அச்செடுத்து, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கான கோப்பில் வைப்போம். அப்படி ஐந்து போட்ட ஒரு மாணவன், படிப்பு முடிந்த கையோடு திருப்பூரில் நான்கு பவர் டேபிள், அதாவது மின் தையல் இயந்திரம் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்தான். அம்மாவின் நகையை அடகு வைத்ததுதான் முதல். எட்டு மாதத்தில் மூட வேண்டியதாயிற்று. ஆர்டருக்குக் குறைவில்லை. பில் போட்ட பணம் கைக்கு வருவதற்குள் கூலி கொடுத்தே கரைந்துபோனது. எங்கள் கோப்பைப் புரட்டினால் அவன் ஒரு வெற்றிக் கணக்கு: விருப்பம் இருந்தது, தொழிலும் தொடங்கினான். நகை மட்டும் இன்னும் வீடு திரும்பவில்லை. அதனால் ஒவ்வொரு அளவுமுறையையும் பார்க்கும்போது எனக்குள் ஒரே கேள்விதான் ஓடியது: இது அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால், அவனுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கத் தவறியது எது என்று எனக்குத் தெரிந்திருக்குமா?

விருப்பத்தைக் கேட்பது

உலகம் முழுக்க அதிகம் கையாளப்படும் வழி இதுதான். பின்னால் வலுவான உளவியலும் இருக்கிறது. ஐசெக் அய்சென் 1991-ல் விரித்து எழுதிய கோட்பாட்டின்படி, ஒரு காரியத்தைச் செய்யும் விருப்பம் மூன்று இடத்திலிருந்து திரள்கிறது: அந்தக் காரியத்தைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணம், சுற்றியிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கணிப்பு, நம்மால் முடியும் என்ற நம்பிக்கை. இதைத் தொழில் தொடங்குவதற்குப் பொருத்தி லின்யான், சென் என்ற இருவர் 2009-ல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். ஸ்பெயினிலும் தைவானிலும் 519 பேரிடம் சரிபார்த்தது அது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 7 வரை எண் போட வேண்டும். பாடத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை கொடுத்து வித்தியாசம் பார்க்கலாம். இருபது நிமிட வேலை, செலவு கிடையாது, 60 பேர் இருந்தாலே கணக்கு ஓரளவு நிற்கும். சின்னக் கல்லூரிக்கு இதைவிட வசதியான முறை இல்லை என்று முதலில் எனக்கும் தோன்றியது.

ஆனால் இந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று யோசிக்க ஆரம்பித்ததும் சிக்கல் தெரிந்தது. நெதர்லாந்தின் அவான்ஸ் கல்லூரியில் 2005-06 கல்வியாண்டில் நடந்ததைப் பாருங்கள். அந்தக் கல்லூரிக்கு இரண்டு ஊர்களில் வளாகம். பிரேடா வளாகத்தில் மாணவர்கள் ஒரு வருடம் குழுவாகச் சேர்ந்து குட்டிக் கம்பெனி நடத்தும் பாடம் இருந்தது, டென் போஸ் வளாகத்தில் இல்லை. ஓஸ்டர்பேக்கும் அவருடைய சகாக்களும் இரண்டையும் ஒப்பிட்டு 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். குட்டிக் கம்பெனி நடத்தியவர்களின் திறனில் சொல்லும்படி மாற்றம் இல்லை. தொழில் தொடங்கும் விருப்பமோ குறைந்திருந்தது. அதே 2010-ல் ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வும் வந்தது. அங்கே தொழில்முனைவு கட்டாயப் பாடம். அங்கும் சராசரி விருப்பம் சற்றுக் குறைந்தது. மியூனிக் ஆய்வாளர்கள் இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கு இது ஒத்துவருமா வராதா என்று மாணவர்கள் தங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளும் இடமாகப் பாடம் வேலை செய்கிறது என்று விளக்கினார்கள். சிலர் உறுதியோடு இந்தப் பக்கம் வருகிறார்கள், சிலர் தெளிவோடு விலகுகிறார்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும்.

இது எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. விருப்பம் குறைவது நல்லதா கெட்டதா என்று அந்த எண் தன்னால் சொல்லாது. பயந்து விலகினவனுக்கும் கணக்குப் போட்டு விலகினவனுக்கும் ஒரே 3 தான் வரும். கண்மூடித்தனமாகக் குதிப்பவனுக்கும் நிதானமாக இறங்குபவனுக்கும் ஒரே 6.

விருப்பம் கூடினாலும் அது எதனால் என்ற கேள்வி இருக்கிறது. லண்டனிலும் கிரெனோபிளிலும் பொறியியல், அறிவியல் மாணவர்களை வைத்து சூட்டாரிஸ் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் விருப்பம் உயர்ந்தது உண்மை. ஆனால் உயர்த்தியது பாடத்தில் கற்றது அல்ல, பாடம் தந்த உத்வேகம். யாரோ ஒருவரின் பேச்சு, ஒரு சம்பவம், மனதைத் தொட்ட ஒரு நாள். விருந்தினர் ஒருவரை அழைத்து வந்து அவர் கதையைச் சொல்லவைத்த வாரத்தில் எங்கள் பிள்ளைகள் முகம் எப்படி மாறும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். அது பெரிய விஷயம்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதைப் பாடம் முடிந்த மறுநாள் அளந்தால் நாம் அளப்பது அந்தச் சூட்டைத்தான். அப்புறம், 2014-ல் பே என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 73 ஆய்வுகளை, மொத்தம் 37,285 பேரின் விவரத்தை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பாடத்துக்கும் விருப்பத்துக்கும் சிறிய தொடர்பு தெரிந்தது. மாணவர்கள் பாடத்துக்குள் வரும்போதே கொண்டுவந்த விருப்பத்தைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு நம்பும்படி நிற்கவில்லை. விருப்பப் பாடம் என்றால் விருப்பம் உள்ளவன்தான் முதலில் பெயர் கொடுப்பான், இல்லையா?

இன்னொரு தொல்லை உண்டு, அதை எல்லா ஆசிரியரும் உணர்ந்திருப்பார்கள். நடுவில் அளவுகோலே மாறிவிடுகிறது. ஜூனில் ஒரு மாணவி 'ஒரு தொழிலின் வரவு செலவை என்னால் கையாள முடியும்' என்ற வரிக்கு 6 போடுகிறாள். நவம்பரில் நடைமுறை மூலதனம் (தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவையான பணம்) என்றால் என்ன, ஜிஎஸ்டி எப்போது கட்ட வேண்டும், வர வேண்டிய பாக்கி எப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்றெல்லாம் தெரிந்த பிறகு அதே வரிக்கு 4 போடுகிறாள். தாளில் அவள் இரண்டு புள்ளி இறங்கிவிட்டாள். உண்மையில் அவள் கற்றுக்கொண்டதன் அடையாளமே அந்த 4. இதைச் சரிக்கட்ட ஒரு வழி உண்டு. நவம்பரில் ஒரே தாளில் இரண்டு முறை கேட்கலாம்: இப்போது உனக்கு எவ்வளவு தெரியும், இன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால் ஜூனில் உனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது? இந்த வழி பாதிச் சிக்கலைத் தீர்க்கும். ஆசிரியர் மனம் நோகக்கூடாது என்று பிள்ளைகள் கூட்டிப் போடும் மீதிப் பாதி அப்படியே இருக்கும்.

எத்தனை பேர் தொழில் தொடங்கினார்கள்

மேலிடத்திலிருந்து வரும் படிவங்கள் கேட்பது இதைத்தான். பார்க்க எண்ணமுடிந்த, நேரான அளவு. என்னைக் கேட்டால், எங்களைப் போன்ற கல்லூரிக்கு இருக்கிற வழிகளிலேயே ஆபத்தானது இது.

முதலில் எதை எண்ணுவது? சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு 2020 ஜூலையிலிருந்து இணையத்தில், இலவசமாக, சுய அறிவிப்பின் பேரில் கிடைக்கிறது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எங்கள் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் ஏதோ ஒரு தொழில் ஓடுகிறது. தறி, செக்கிங், அயர்னிங், மளிகை, கோழிப்பண்ணை. வங்கிக் கடனுக்காக அப்பாவின் யூனிட்டை மகன் பெயரில் பதிவது சாதாரணம். அவனைப் புதிய தொழில்முனைவோர் என்று எண்ணலாமா? எண்ணினால் அது எங்கள் பாடத்தின் பலனா, அவன் பிறந்த வீட்டின் பலனா?

அடுத்தது எண்ணிக்கை. பாடம் படிக்காத 60 பேரில் 4 சதவீதம் பேர் தொழில் தொடங்குகிறார்கள் என்று வைப்போம். பாடம் அதை இரட்டிப்பாக்கி 8 சதவீதம் ஆக்கியது என்றும் வைப்போம். இரட்டிப்பு என்பது எந்தப் பாடத்துக்கும் பிரமாதமான பலன். ஆனால் தலைகளாகப் பார்த்தால் ஒரு பக்கம் இரண்டு மூன்று பேர், மறுபக்கம் ஐந்து பேர். இந்த வித்தியாசம் தற்செயலாகவே வந்துவிடும். இப்படியொரு பலனை ஓரளவு நம்பிக்கையோடு கண்டுபிடிக்க ஒவ்வொரு பக்கமும் சுமார் 550 மாணவர்கள் வேண்டும். 120 பேரை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு எந்தக் காலத்திலும் எங்களால் பதில் சொல்ல முடியாது. சொன்னால் அது ஜோசியம்.

காலமும் ஒத்துழைக்காது. இருபது வயதில் படித்தது முப்பத்திரண்டு வயதில் காய்க்கலாம். ஸ்வீடனில் எலர்ட், ஆண்டர்சன், வென்பெரி மூவரும் உயர்நிலைப் பள்ளியில் குட்டிக் கம்பெனி நடத்திய மாணவர்களை, அவர்களைப் போன்ற மற்றவர்களோடு இணைவைத்து, 16 வருடம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். 2015-ல் வந்த அந்த ஆய்வின்படி, படித்தவர்கள் பிற்காலத்தில் நிறுவனம் தொடங்கும் வாய்ப்பும் அதிலிருந்து வந்த வருமானமும் கூடின. நிறுவனம் நீடித்து நின்றதில் மட்டும் வித்தியாசம் இல்லை. இந்த வகை ஆய்வுக்கு ஒவ்வொரு குடிமகனின் படிப்பு, வருமானம், நிறுவனப் பதிவு எல்லாம் ஒரே எண்ணில் கோத்து ஆய்வாளருக்குக் கிடைக்க வேண்டும். ஸ்வீடனில் அந்த வசதி இருக்கிறது. ஒரு கலை அறிவியல் கல்லூரி ஆசிரியரின் மேஜையில் இல்லை.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறு. எண்ணுவதற்குப் பரிசு கொடுத்தால் எண் வந்துவிடும். பாடம் நடத்துகிறவர் தன்னை அறியாமல் பிள்ளைகளைப் பதிவு செய்யச் சொல்லித் தள்ளுவார். கடன் வாங்கத் தயங்குகிறவனிடம் தைரியம் இல்லையா என்று கேட்பார். அந்தத் தயக்கத்தில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு அடங்கியிருக்கிறது. எங்கள் கல்லூரிக்கு வரும் பல பிள்ளைகள் வீட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அவர்கள் தவறான தொழிலில் இறங்கினால் இழப்பைத் தாங்கப் பின்னால் யாரும் இல்லை.

குலுக்கல் போட்டு ஒப்பிடுவது

மாணவர்களைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பாடம் நடத்தி, மறுபாதியோடு ஒப்பிடுவது. கேட்க ஏதோ மருந்து சோதனை போல இருக்கும். ஆனால் இதன் அருமையை எனக்குப் புரியவைத்தது துனீசியா.

அங்கே 2009-10 கல்வியாண்டில் இளநிலைப் பட்டத்தின் கடைசி வருட மாணவர்களுக்கு ஒரு வாய்ப்பு தந்தார்கள். வழக்கமான இறுதி ஆய்வறிக்கைக்குப் பதிலாக, பயிற்சியோடும் வழிகாட்டியோடும் ஒரு தொழில் திட்டத்தை எழுதி அதையே சமர்ப்பிக்கலாம். பெயர் கொடுத்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்தார்கள். அவர்கள் படித்து வெளியே வந்த கொஞ்ச காலத்தில், 2011 ஜனவரியில், நாட்டில் புரட்சி வெடித்து அதிபர் பென் அலி வெளியேறினார். பொருளாதாரம் தலைகீழானது. வெறும் முன்-பின் கணக்கு எடுத்திருந்தால் அந்தப் பாடத்தைப் பற்றி எதுவுமே சொல்லியிருக்க முடியாது. எல்லாப் பழியும் புரட்சி மேல் விழுந்திருக்கும், அல்லது எல்லாப் புகழும். குலுக்கலில் இடம் கிடைக்காத மாணவர்களும் அதே புரட்சியைக் கடந்தவர்கள் என்பதால் ஒப்பீடு பிழைத்தது. முடிவு: பட்டம் பெற்று ஏறக்குறைய ஒரு வருடத்தில் சுயதொழில் செய்வோர் 1 முதல் 4 சதவீதப் புள்ளி கூடியிருந்தார்கள். மொத்தத்தில் வேலையில் இருப்போர் எண்ணிக்கை கூடவில்லை. அதாவது வேறு வேலைக்குப் போயிருக்கக்கூடிய சிலர் சுயதொழிலுக்கு வந்திருந்தார்கள். நான்கு வருடம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தபோது அந்தச் சிறு வித்தியாசமும் மறைந்திருந்தது.

நமக்குப் புரட்சி இல்லை என்று நினைக்க வேண்டாம். 2020-ல் பொது முடக்கம் வந்தது. 2021-22-ல் நூல் விலை ஏறித் திருப்பூரே திணறியது. அந்த வருடங்களில் முன்-பின் கணக்கு எடுத்த எந்தக் கல்லூரியும் தன் பாடத்தை அளக்கவில்லை, நூல் விலையைத்தான் அளந்தது.

இந்த முறை எப்போதும் ஏமாற்றமான பதிலைத்தான் தரும் என்றும் இல்லை. உகாண்டாவில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மூன்று வாரத் தங்கும் பயிற்சி கொடுத்து, 4,400 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குக் கணக்கு, நிதி போன்ற தொழில் திறன்கள் அதிகம், ஒன்றுக்குப் பேச்சு, பேரம், தன்னம்பிக்கை போன்றவை அதிகம், மூன்றாவது குழுவுக்குப் பயிற்சி இல்லை. மூன்றரை வருடம் கழித்துப் பயிற்சி பெற்ற இரண்டு குழுக்களின் வருமானமும் சுமார் 30 சதவீதம் கூடியிருந்தது. நம் பக்கத்து மாநிலத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. ஹார்வர்டின் டேவிட் மெக்கிளேலண்ட் 1960-களில் ஆந்திராவின் காக்கிநாடாவில் வியாபாரிகளுக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி கொடுத்து, பயிற்சி பெறாதவர்களோடு அவர்களை ஒப்பிட்டார். இந்தியாவில் தொழில்முனைவுப் பயிற்சி என்று நாம் இன்று நடத்துவதில் பெரும்பகுதி அந்தப் பரிசோதனையின் வழி வந்தது. பயிற்சியை எடுத்துக்கொண்டோம், ஒப்பிடும் பழக்கத்தை விட்டுவிட்டோம் என்பது என் நீண்டநாள் வருத்தம்.

நடைமுறையில் வரும் தடை நியாயம் பற்றியது. 'அந்தப் பிரிவுக்கு மட்டும் ஏன்?' என்று பெற்றோர் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இதற்கு வழி, எல்லோருக்கும் பாடம் உண்டு, யாருக்கு முதலில் என்பதை மட்டும் குலுக்கல் தீர்மானிக்கட்டும். ஒரு பாதி மூன்றாம் பருவத்தில், மறுபாதி நான்காம் பருவத்தில். எப்படியும் ஒரே ஆசிரியர் இரண்டு பிரிவையும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. இந்த வழிக்கு ஒரு விலை உண்டு: ஒப்பிட நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு பருவம். அதற்குப் பிறகு இரண்டு பாதியும் படித்தவர்கள் ஆகிவிடுவார்கள். நீண்டகால வித்தியாசத்தை இதில் பார்க்க முடியாது.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்ய வேண்டும். குலுக்கல் பிரிவுக்குப் போடாமல் ஒவ்வொரு மாணவருக்கும் போட வேண்டும். 'ஏ' பிரிவு முதலில், 'பி' பிரிவு அடுத்து என்று வைத்தால், ஒரு பிரிவுக்குக் காலையில் வகுப்பு, மற்றதற்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதுகூட முடிவை மாற்றிவிடும். 120 பேரும் தாளில் 120 பேராக இருந்தாலும், அப்படிச் செய்தால் கணக்கில் இரண்டே ஆட்கள்தான். கால அட்டவணை போடுகிறவரிடம் இதற்காக மன்றாட வேண்டியிருக்கும். மன்றாடியாகிவிட்டது, ஒத்துக்கொண்டார்.

செய்துகாட்டச் சொல்வது

குலுக்கல் என்பது யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதற்குப் பதில். எதை ஒப்பிடுவது என்ற கேள்வி இன்னும் மிச்சம். விருப்பம் போதாது, நிறுவன எண்ணிக்கை முடியாது. அப்படியானால் திறன்.

எவை திறன்கள் என்பதற்கு ஐரோப்பிய ஆணையம் 2016-ல் ஒரு விரிவான வரைபடம் போட்டது. என்ட்ரிகாம்ப் என்று பெயர். 3 பகுதி, 15 திறன், ஒவ்வொன்றிலும் 8 படிநிலை, மொத்தம் 442 கற்றல் விளைவுகள். பாடத்தில் எதை விட்டுவிட்டோம் என்று சரிபார்க்க நல்ல கருவி. அதையே அளவுகோலாக எடுத்தால் மூழ்கிவிடுவோம். அதில் நாலைந்தை மட்டும் எடுத்து, ஒரு நிஜமான சூழலைக் கொடுத்து, 90 நிமிடம் உட்கார்ந்து யோசித்து எழுதச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

நான் தயாரித்திருக்கும் ஒரு தாளைச் சொல்கிறேன். இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டிய 5,000 பீஸ் தையல் ஆர்டர். பீஸுக்கு 14 ரூபாய். தையல் கூலி பீஸுக்கு 9 ரூபாய், சனிக்கிழமை தோறும் கொடுத்தாக வேண்டும். நூல், கரண்ட் மற்றதெல்லாம் 2 ரூபாய். பில் போட்டு 60 நாள் கழித்துத்தான் பணம். ஒரு ஆர்டர் முடிந்ததும் அடுத்தது தொடர்ந்து வரும் என்று கம்பெனி உறுதி சொல்கிறது. கையில் 80,000 ரூபாய் இருக்கிறது. எடுக்கலாமா?

விடை தெரியாதவர் பீஸுக்கு 3 ரூபாய் லாபம், ஆர்டருக்கு 15,000 என்று சந்தோஷமாக எழுதுவார். கொஞ்சம் தெரிந்தவர் ஆர்டருக்கு 55,000 செலவு, கையில் 80,000 இருக்கிறது, தாங்கும் என்பார். பாடம் உள்ளே போனவர் ஒரு கோடு கிழித்து வாரங்களைக் குறிப்பார். முதல் பில் போடுவது இரண்டாம் வாரக் கடைசியில், பணம் வருவது பத்தாம் வாரம் தாண்டி. அதற்குள் ஐந்து ஆர்டர் முடிந்து, 2,75,000 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும். மூன்றாவது சனிக்கிழமையே கூலிக்கு இழுபறி வந்துவிடும். அவர் மூன்று விதமாக முடிவெடுக்கலாம். ஒரு பகுதி முன்பணம் கேட்டுப் பேரம் பேசலாம். இரண்டரை மாதத்துக்கு ஒரு ஆர்டர் மட்டும் எடுக்கலாம். வேண்டாம் என்றும் விடலாம். மூன்றுக்கும் முழு மதிப்பெண் உண்டு, காரணம் சரியாக இருந்தால். வேண்டாம் என்று சொல்பவருக்கும் முழு மதிப்பெண் தரும் அளவுகோல் இது ஒன்றுதான், நான் பார்த்தவரை.

குறையும் சொல்லிவிடுகிறேன். திருத்துவது பெரிய வேலை. 120 பேர், இரண்டு முறை, தாளுக்கு இரண்டு பேர் திருத்தினால் 480 திருத்தம். திருத்துகிறவருக்கு எழுதினது யார், படித்தவரா காத்திருப்பவரா, ஜூனில் எழுதியதா நவம்பரில் எழுதியதா என்று எதுவும் தெரியக்கூடாது. அதனால் தேதியும் பெயரும் இல்லாமல் எண் மட்டும் போட்டு, எல்லாத் தாளையும் கலந்து கொடுக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே கேள்வி கொடுக்க முடியாது, இரண்டு சூழல்கள் வேண்டும். இரண்டும் ஒரே கடினத்தில் இருக்கிறதா என்பதற்கு, பாதிப் பேருக்கு முதலில் ஒன்றையும் மீதிப் பேருக்கு மற்றதையும் கொடுத்தால் சமன்படும். தையல் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குச் சாதகம் ஆகாமல் இன்னொரு தாளைக் கேட்டரிங் தொழிலை வைத்து எழுதியிருக்கிறேன்.

இதுவும் எல்லாவற்றையும் பிடிக்காது. நெதர்லாந்தில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் தொழில்முனைவுப் பயிற்சி கொடுத்துப் பள்ளிகளைக் குலுக்கலில் பிரித்துச் செய்த ஆய்வு 2014-ல் வந்தது. தொழில் அறிவைச் சோதித்தபோது வித்தியாசம் இல்லை. விடாமுயற்சி, புதிதாக யோசிப்பது, துணிவு போன்ற குணங்களில் தெளிவான முன்னேற்றம். என் தாளை மட்டும் வைத்து அந்தப் பாடத்தை அளந்திருந்தால் வீண் என்று எழுதியிருப்பேன். அதனால் குணங்களைப் பற்றிய ஒரு சிறு வினாத்தாளும் கூட வேண்டும்.

உடனுக்குடன் கேட்டு எழுதிக்கொள்வது

ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் லக்கியுஸ் வளர்த்த முறை இது. பருவக் கடைசிவரை காத்திராமல், ஒவ்வொரு செயலுக்குப் பிறகும் மாணவர் கைபேசியில் அந்த நேரத்து உணர்வையும் நடந்ததையும் இரண்டு வரி பதிவு செய்கிறார். எந்த நிகழ்ச்சி யாரை உலுக்கியது, முன்பின் தெரியாத ஆளிடம் பொருள் விற்கப் போனதா, குழுவுக்குள் சண்டை வந்ததா என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். பாடத்தைத் திருத்திக்கொள்ள இதைவிடச் சிறந்தது இல்லை. பாடம் பலன் தந்தது என்று வெளியாருக்கு நிரூபிக்க உதவாது. செயலி எதுவும் தேவையில்லை, வாட்ஸ்அப் குரல் பதிவே போதும்.

சரி, எதை எடுப்பது?

ஒரே ஒரு பிரிவுதான் இருக்கிறது, ஒப்பிட ஆளே இல்லை என்பவர்களுக்கு: பெயர் மறைத்துத் திருத்தும் 90 நிமிடத் தாளும் குரல் பதிவும் போதும். பாடம்தான் மாற்றியது என்று உரிமை கொண்டாட முடியாது, ஆனால் எது புரிந்தது எது புரியவில்லை என்று தெரியும். விருப்ப வினாத்தாளை மட்டும் வைத்து அறிக்கை எழுதுவதைவிட அது பலமடங்கு மேல்.

பல்கலைக்கழகமோ அரசோ என்றால் பேச்சே வேறு. 2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' போல லட்சக்கணக்கான மாணவர்களைத் தொடும் திட்டங்களுக்கு 550 பேர் என்பது ஒரு மாவட்டத்தின் மூலை. புதிய பாடம் ஒன்றை எல்லாக் கல்லூரிக்கும் ஒரே நாளில் கொண்டுபோகாமல், எந்தக் கல்லூரிக்கு இந்த வருடம், எதற்கு அடுத்த வருடம் என்பதைக் குலுக்கலில் விட்டாலே போதும். கூடுதல் செலவு மிகக் குறைவு. தொழில் எண்ணிக்கை, வருமானம் என்ற கேள்விகளைக் கேட்கும் தகுதி அவர்களுக்கு உண்டு. அவர்கள் அதைக் கேட்டுச் சொன்னால் எங்களைப் போன்றவர்கள் சின்னச் சின்ன மாதிரிகளை வைத்துத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நான் எடுத்த முடிவு இரண்டுக்கும் நடுவில். ஜூனில் 120 பேருக்கும் குலுக்கல், பாதிக்கு மூன்றாம் பருவம், பாதிக்கு நான்காம் பருவம். ஜூனிலும் நவம்பரிலும் இரண்டு பாதிக்கும் 90 நிமிடத் தாள், அதுதான் முதன்மை அளவு. அதோடு விருப்ப வினாத்தாளும் உண்டு, ஆனால் சராசரியை நான் பார்க்கப்போவதில்லை. எத்தனை பேர் நடு எண்ணிலிருந்து இரண்டு முனைக்கும் நகர்ந்தார்கள், தன் பதிலில் எவ்வளவு நிச்சயம் என்ற கேள்விக்கு என்ன போட்டார்கள் என்று பார்ப்பேன். விருப்பம் குறைந்து, அதே மாணவரின் தாள் மதிப்பெண் கூடியிருந்தால் அதை நல்ல பலன் என்று இப்போதே எழுதி, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துவிட்டேன். எண்கள் வந்த பிறகு நமக்கு வசதியானதைப் பலன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

தொழில் எண்ணிக்கையை அறவே விட்டுவிடவும் மனம் வரவில்லை. பட்டம் முடிந்து பதினெட்டாம் மாதம் ஒவ்வொருவருக்கும் ஒரு போன். ஒப்பிடுவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக. தொழில் தொடங்கினாயா என்பது அதில் கடைசிக் கேள்விதான். முதல் கேள்விகள்: படிப்பு முடிந்த பிறகு ஏதாவது தொழில் வாய்ப்பை யோசித்துப் பார்த்தாயா? கணக்குப் போட்டாயா, அந்தக் கணக்கைச் சொல்ல முடியுமா? கணக்குப் போட்டு விட்டுவிட்டது ஏதாவது உண்டா? வீட்டுப் பணம் எவ்வளவு போட்டாய், நகை வைத்தாயா, திருப்பிவிட்டாயா?

பிள்ளைகள் ஆறு மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறார்கள். அதனால் ஜூன் முதல் வாரத்தில் குலுக்கல் சீட்டு எடுக்கும்போதே ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் கேட்டு இரண்டு எண் வாங்கப்போகிறேன். இரண்டாவது அம்மாவின் எண். அது மாறுவதில்லை.